குசினியை முடிக்கவிடாத கோப்பி

யோகன் மேசன் சீமெந்துப் பையின் மேல் உட்கார்ந்து, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு முதல் மிடறை விழுங்கினார். காலை பத்து மணி. உடைத்துக் கட்டிக்கொண்டிருந்த எங்கள் குசினிக்கு அப்போது மூன்று சுவர்தான் இருந்தது. நாலாவது சுவர் இருந்த இடத்தில் வாழைகளும் அவற்றுக்கு அப்பால் வாவியும் தெரிந்தன. வாவிக்காற்றில் சீமெந்துத் தூளும் கோப்பி மணமும் கலந்து வந்தன.

கண்ணைத் திறந்தவர் மேலே பார்த்தார். அந்த இடத்தில் ஒரு பல்லிகூட இல்லை. "அக்கா, இந்தக் கூரை வளையில ஒரு சின்னச் சரிவு இரிக்கு. இதையும் ஒருக்காப் பாக்கத்தான் வேணும்" என்றார்.

மூன்று கிழமையாக இதுதான் நடந்துகொண்டிருந்தது. காலையில் வந்து ஒழுங்காக வேலை செய்வார். பத்து மணிக்குக் கோப்பி குடிப்பார். குடித்து முடித்ததும் வீட்டில் புதிதாக ஒரு குறை கண்டுபிடிப்பார். முதலில் நிலத்தின் மட்டம் சரியில்லை என்றார். பிறகு யன்னல் நிலையில் கறையான் என்றார். பிறகு, முப்பது வருடமாக யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாத எங்கள் கழிவுநீர்க் குழாய் பிழையான பக்கம் போகிறது என்றார்.

நாட்கூலிக்கு வந்தவர் என்றால் விளங்கும். மொத்த வேலைக்கும் ஒரே தொகையாகப் பேசியிருந்தோம். இழுத்தால் நட்டம் அவருக்குத்தான். அப்படியிருக்க ஏன் இழுக்கிறார் என்று நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன்.

நான் எழுதும் இந்தப் பத்தியின் சென்ற வாரப் பகுதியை வாசித்த ஒரு வாசகி, உங்கள் கணவரை இப்படிக் கேலி செய்கிறீர்களே, அவர் இதை வாசிப்பதில்லையா என்று கேட்டு எழுதியிருந்தார். வாசிப்பார். சிவப்புப் பேனையால் எழுத்துப் பிழை திருத்தி என் மேசையில் வைப்பார். தன்னைப் பற்றிய பகுதிகளில் பிழை அதிகம் என்று சொல்லுவார். இந்த வாரம் அவர் பேனைக்கு நல்ல வேலை இருக்கிறது.

அளவு நாடாவும் அவரும்

இவர் நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரில் உள்ள காணியெல்லாம் கீறி முடித்த பிறகு, கீறுவதற்கு எஞ்சியிருந்தது எங்கள் வீடு ஒன்றுதான். காற்சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவு நாடா கிடக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மணவறையின் அகலத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

அவர் செய்த திருத்தங்களில் இன்னும் உயிரோடு இருப்பது குளியலறைக் கதவு. உள்ளே இடம் காணாது என்று அதை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினார். அன்றிலிருந்து ஒருவர் குளித்து வெளியே வந்தால் நடையில் நிற்பவர் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் அகப்படுவார். தண்ணீர்க் கட்டணப் பட்டியல் கொடுக்க வந்தவர் ஒருநாள் அப்படி அகப்பட்டு, பிறகு வாசலோடேயே நின்று கூப்பிடத் தொடங்கினார்.

கூடத்துக்கு மென்மஞ்சள் பூசுகிறேன் என்று ஒருமுறை இறங்கினார். இரண்டு நிறத்தைத் தானே கலந்தார். பூசி முடித்தபோது வீடு முழுக்க மஞ்சள் நீராட்டு நடந்த மாதிரி இருந்தது. மகள் பள்ளிக்கூடத் தோழிகளைக் கூட்டிவருவதை அந்த வருடம் முழுக்க நிறுத்திவைத்தாள்.

அந்த மகள் பவித்திராதான் இந்த முறை இவரைக் கிளப்பியவள். அவளுக்குத் தலைப்பிள்ளை வயிற்றில். மருமகனுக்குத் திருகோணமலையில் வங்கி உத்தியோகம், ஆகையால் அவள் அங்கே மாமியார் வீட்டில் இருந்தாள். எங்கள் பக்கத்தில் தலைப்பிள்ளை தாய் வீட்டில்தான். அதை யாரும் பேசித் தீர்மானிப்பதில்லை.

பேரப்பிள்ளை கரி பிடித்த குசினிக்குள் வந்து இறங்கக்கூடாது என்று இவர் சொன்னார். யூடியூப்பில் யாரோ ஒருவர் பென்ட்ரி அலுமாரியை ஒரு விரலால் திறந்து மூடுவதை மூன்று நாள் பார்த்தார். பிறகு படம் கீற உட்கார்ந்தார். ஏழு படம் கீறினார். ஏழாவது படத்தில் அடுப்பு எங்கே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எட்டாவதைக் கீறினார்.

எட்டாவது படத்தோடுதான் யோகன் மேசன் வந்தார். வாவிக்கு அக்கரையில் மண்டூர் அவருக்கு. அவருடைய கையாள் அவருடைய மாமனாரேதான், கணபதிப்பிள்ளை ஐயா. மாமனாரை வேலை ஏவ மருமகனுக்குக் கூச்சம். ஆகையால் யோகன் கல்லைப் பார்த்து, "கல்லு வேணும்" என்பார். ஐயா கல்லை எடுத்துக் கொடுப்பார். இருவரும் காலையில் பாதையேறி வருவார்கள். பாதை என்றால் எங்களுக்கு வாவியைக் கடக்கும் மிதவை. மோட்டார் சைக்கிளோடு அதில் ஏறி, இக்கரையில் இறங்கி, எட்டு மணிக்கு எங்கள் வாசல் படலையில் நிற்பார்கள்.

தேத்தண்ணீர் ஊற்றாத வீடு

வேலைக்கு ஆள் வந்தால் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் தேத்தண்ணீர் கொடுப்பது ஊர் வழக்கம். எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் ஊற்றுவதில்லை. காய்ச்சல்காரருக்கும் காப்புறுதி விற்க வருகிறவர்களுக்கும் மட்டும் ஒரு சிறிய தேயிலைப் பக்கெட் வைத்திருக்கிறோம். மற்ற எல்லாருக்கும் கோப்பிதான்.

ஓட்டமாவடியில், காக்கா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனின் கடையில் கோப்பிக் கொட்டை வாங்குவோம். எங்களுக்கென்று ஒரு சாக்கைத் தனியே எடுத்து வைப்பார். தாச்சியை விறகடுப்பில் வைத்து, அகப்பையை நிறுத்தாமல் கிளறி வறுக்கவேண்டும். கொட்டை வெடிக்கிற சத்தம் அடங்கி, எண்ணெய் மினுங்கத் தொடங்குகிற நேரத்தில் இறக்க வேண்டும். கொஞ்சம் மல்லி, கொஞ்சம் வேர்க்கொம்புச் சுக்கு. குசினி உடைந்து கராஜுக்குள் சமைத்த நாட்களிலும் இதில் ஒரு குறையும் வைக்கவில்லை. இவருடைய ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்று வறுத்தேன். ஸ்கூட்டர் இன்றைக்கும் கோப்பி மணக்கிறது.

நான் கோப்பியைக் கும்பிடாத குறை என்று என் தங்கை சொல்லுவாள். ஆனால் இவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என்ன நடந்தது என்பது அவளுக்கும் தெரியும். வந்தவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. கோப்பையைத்தான் பார்த்தார். குடித்தார். இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். சம்மதம் என்று என் அப்பா எடுத்துக்கொண்டு அடுத்த நாளே நாள் பார்க்கப் போய்விட்டார். இவர் சம்மதம் சொன்னதாக இன்றுவரை எனக்கு ஞாபகமில்லை.

வாய் திறந்த மாமனார்

மகள் வருகிற நாளை நான் யாருக்கும் சொல்லவில்லை. மாசமாக இருக்கிற பிள்ளை இன்ன நாளில் பயணம் வருகிறாள் என்று ஊரெல்லாம் சொன்னால் கண்ணூறு படும். யோகனுக்கும் சொல்லவில்லை. பிள்ளை வயிற்றோடு இருக்கிறாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். வருவதற்கு இரண்டு கிழமை இருந்தபோது அவள் வட்சப்பில் கூப்பிட்டு, குசினியைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். வாழைமரம் தெரிந்தது.

"அம்மா, வேலை முடியாட்டி நான் இங்கயே மாமியோட நிக்கிறன். மாமி அறையெல்லாம் ஆயத்தப்படுத்தி வெச்சிரிக்காவு" என்றாள்.

நான் போனை வைத்தேன். என் சம்மந்தி நல்ல மனுசிதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் அந்த வீட்டில் போத்தல் கோப்பி குடிப்பார்கள். சுடுதண்ணீரில் கரண்டியால் போட்டுக் கலக்குகிற தூள். என் பேரப்பிள்ளை உலகத்துக்கு வந்து முதலில் மணப்பது அந்தப் போத்தலா? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதை அன்றைக்கு நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. என் பிள்ளை வலியெடுத்து அம்மா என்று கூப்பிடுகிற நேரம் நான் பக்கத்தில் இல்லாமல் போய்விடுவேனோ என்ற பயம்தான் அது.

அடுத்த நாள் பத்து மணிக்குக் கோப்பித் தட்டோடு போய், இன்னும் என்னதான் மிச்சம் என்று யோகனைக் கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து ஒரு சொல்லும் பேசாத கணபதிப்பிள்ளை ஐயா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாய் திறந்தார்.

"இந்த வேலை முடிஞ்சா, மறுகா இந்தக் கோப்பிக்கு நாங்க எங்க போற, புள்ள?"

மருமகன் அவரை முறைத்துப் பார்த்தார். ஐயா மீண்டும் கோப்பையை எடுத்துக்கொண்டார். எனக்கு ஒரு நிமிடம் தலைகால் தெரியாத பெருமை. முப்பது வருடம் தபாற்கந்தோரில் முத்திரை குத்தியதற்கு இப்படி ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அடுத்த நிமிடம் விளங்கியது, என் கோப்பி இருக்கும்வரைக்கும் என் குசினி முடியாது.

குடைக்குள் ஒரு போத்தல்

முதலில் தேத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். காப்புறுதிக்காரர் பக்கெட்டை எடுத்துத்தான் ஊற்றினேன். இவர் தட்டைக் கண்டதும் முகம் கறுத்து, நமக்கு ஒன்று வேலையாட்களுக்கு வேறொன்றா, இந்த வீட்டில் எப்போதிருந்து இந்தப் பழக்கம் என்று கேட்டார். தன் கோப்பியைக் கொண்டுபோய் அவர்கள் இருவருக்கும் பங்கிட்டுவிட்டு, தான் தேத்தண்ணீர் குடித்தார். அன்று பின்னேரம் முழுக்கத் தலையிடி என்று படுத்துக்கொண்டார்.

பிறகு கொட்டையைக் கருக்கிப் பார்ப்போம் என்று நினைத்தேன். தாச்சிக்கு முன்னால் நின்றுகொண்டு, எடுக்காதே, எடுக்காதே என்று எனக்கே சொன்னேன். எண்ணெய் மினுங்கியதும் கை தானாகவே இறக்கிவிட்டது. தூளைப் பாதியாகக் குறைத்துப் போட்டேன். இன்றைக்கு வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்று யோகன் நன்றி சொன்னார். அதன் பிறகு கூரையில் இரண்டு ஓடு மாற்றவேண்டும் என்றார்.

கடைசியில் அந்தப் பாவத்தைச் செய்தேன். சந்திக் கடையில் வாங்கினால் ஊர் பேசும் என்று பஸ் ஏறிக் களுவாஞ்சிகுடிக்குப் போய், ஒரு போத்தல் கோப்பித் தூள் வாங்கினேன். பைக்குள் வைத்தால் தெரியும் என்று மடித்த குடைக்குள் செருகிக் கொண்டுவந்தேன். வழியில் தூறல் விழுந்தது. குடையை விரிக்க முடியாமல் நனைந்துகொண்டே வந்தேன். எதிரில் வந்த தெரிந்தவர்களெல்லாம் என் குடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் பத்து மணிக்கு முன் இவரை இரும்புக்கடைக்கு அனுப்பினேன். சிங்க்குக்குக் குழாய் பார்த்து வரச் சொன்னேன். இரும்புக்கடைக்குள் போனால் இவர் இரண்டு மணித்தியாலத்துக்கு வரமாட்டார். அந்த நேரத்தில் போத்தலைத் திறந்து, கலக்கி, கொண்டுபோய் வைத்தேன்.

யோகன் குடித்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை. கோப்பைக்குள் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஐயா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மெதுவாகச் சுவர்க்கட்டில் வைத்தார். இருவரும் தங்களுக்குள் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார்கள். அதன் பிறகு சுத்தியல் சத்தமே கேட்கவில்லை. மத்தியானம் சாந்துக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு யோகன் என்னிடம் வந்தார். "நாங்க போயிற்று வாறம் அக்கா. நீங்க மனசத் தளர விடாதீங்க" என்றார்.

வேலையை முடிக்கிற எண்ணம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். ஏன் மனசைத் தளரவிடக் கூடாது என்றுதான் விளங்கவில்லை.

செவ்விளநீர்க் குலை

அடுத்த நாள் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் எடுத்தால் யோகனின் மனைவி மெல்லிய குரலில், அவர்கள் வருவார்கள், நீங்கள் முதலில் அதைப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். எதைப் பார்ப்பது? என் கண்ணுக்குத் தெரிந்தது வாழைமரம்தான்.

மகள் வர இன்னும் நாலு நாள். இவர் எட்டாவது படத்தை மடியில் விரித்துக்கொண்டு மூன்று சுவருக்குள் உட்கார்ந்திருந்தார். நான் கராஜுக்குள் தேங்காய் திருவினேன். திருவிக்கொண்டே அழுதேன். என் புத்தியால் என் பிள்ளையை நானே மாமியார் வீட்டில் இருத்திவிட்டேன் என்று நினைக்க நினைக்கக் கண்ணீர் தேங்காய்ப்பூவில் விழுந்தது.

மூன்றாம் நாள் காலை படலையில் ஆள் அரவம். யோகன், அவர் மனைவி, கணபதிப்பிள்ளை ஐயா. யோகனின் தோளில் ஒரு குலை செவ்விளநீர். அவர் மனைவியின் கையில் மண்டூர்க் கோவில் திருநீறு. மூவரும் சத்தமில்லாமல் நடந்து வந்தார்கள். வந்த பெண், நான் அதுவரை கண்டேயிராத பெண், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "புள்ளைக்கி ஒண்டும் ஆகாது அக்கா. நான் முருகனுக்கு நேந்திரிக்கன்" என்று சொல்லி அழுதாள்.

எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். "என்ன நடந்த என்ர புள்ளைக்கி?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்து அதையே கேட்டாள். இவர் போனை எடுத்துக்கொண்டு ஓடினார், மகளுக்கு எடுத்தார். அவள் வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு, என்ன அப்பா, சாப்பிடுகிறேன் என்றாள். இவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகுதான் யோகன் சொன்னார். "அண்டைக்கி அந்தக் கோப்பியக் குடிச்சதும் எங்களுக்கு விளங்கிற்று அக்கா. இந்த வீட்டில கோப்பி அப்பிடி வருமெண்டா, மனிசருக்கு என்னமோ நடந்திற்று. வயித்தில இரிக்கிற புள்ளைக்கித்தான் என்னமோ எண்டு நினைச்சம். அப்பிடியான வீட்டில நிண்டு சுத்தியல் தட்டலாமா?"

வாவிக்கு அக்கரையில் ஒரு குடும்பம் இரண்டு நாள் எங்களுக்காகத் துக்கப்பட்டிருக்கிறது. என்னைத் தெரியாத ஒரு பெண் என் மகளுக்காகக் கோவிலில் போய் நின்றிருக்கிறாள். வெட்கத்தில் எனக்கு நிலத்துக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. போத்தலை எடுத்து வந்து எல்லார் முன்னாலும் வைத்தேன். மகள் சனிக்கிழமை வருகிறாள், வேலை முடியவேண்டும் என்பதற்காக நான்தான் வேண்டுமென்று செய்தேன் என்று சொன்னேன்.

இவர்தான் முதலில் வாய் திறந்தார். "போத்தல் கோப்பியா? நம்மட வீட்டிலயா?" என்றார். அத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் என்னை அவர் அப்படிப் பார்த்ததேயில்லை.

கணபதிப்பிள்ளை ஐயா போத்தலைத் தூக்கி, மூடியைத் திறந்து மணந்து பார்த்து, மூடி வைத்தார். "சுறுக்கா முடியுங்க எண்டு சொல்ல உங்களுக்கு வெக்கம். இதத் தாறதுக்கு வெக்கமில்லையோ, புள்ள?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு. அவர் சிரித்ததும் யோகன் சிரித்தார், யோகனின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நான் கராஜுக்குப் போய் வேர்க்கொம்பு தட்டிப் போட்டு ஒழுங்கான கோப்பி ஊற்றினேன். வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் இந்தப் பக்கம் வருகிற நாளெல்லாம் இந்த வீட்டில் உங்களுக்குக் கோப்பி உண்டு என்று சொல்லிக் கொடுத்தேன். யோகன் கண்ணை மூடிக் குடித்தார். திறந்ததும் மேலே பார்க்கவில்லை. கரண்டியைத் தேடினார்.

அடுத்த நாள் பின்னேரம் சுவர் எழும்பி நின்றது. அதற்கடுத்த நாள் டைல்ஸ் ஒட்டி, சிங்க் பூட்டி, குழாயில் தண்ணீர் வந்தது. மூன்று கிழமையாக மிச்சமிருந்தது இரண்டரை நாள் வேலைதான்.

சனிக்கிழமை

மகள் வந்தாள். வான் வண்டியிலிருந்து முதலில் வயிறும் பிறகு அவளும் இறங்கினார்கள். குசினியைச் சுற்றிப் பார்த்தாள். பென்ட்ரி அலுமாரியை ஒரு விரலால் திறந்து மூடினாள். இவர் பக்கத்தில் நின்று, இன்னும் ஒருமுறை திற என்றார். பிறகு ஊர்ச் சங்கக் கூட்டம் இருக்கிறதென்று ஸ்கூட்டரில் போய்விட்டார்.

நாளுக்கு ஒரு சின்னக் கோப்பைதான் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அந்தச் சின்னக் கோப்பையை நிறைத்துக் கொடுத்தேன். கதிரையில் சாய்ந்து, வீங்கிய காலை இன்னொரு கதிரையில் நீட்டிக்கொண்டு குடித்தாள்.

"அம்மா, குசினி முடியாட்டியும் நான் வந்திரிப்பன். கராஜுக்குள்ள பாய் போட்டுப் படுக்கச் சொன்னாலும் வந்திரிப்பன்" என்றாள்.

"மறுகா என்னத்துக்குடி மாமி வீட்ட நிக்கிறன் எண்டு சொன்ன?"

அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, இவர் இல்லை என்பதை நிச்சயப்படுத்திக்கொண்டாள். "அப்பிடிச் சொல்லாட்டி அப்பா ஒம்பதாவது படமும் கீறாம இந்த வேலைய முடிக்க விட்டிரிப்பாரா?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்த ஒரு பொய்யை நம்பி நான் தேங்காய்ப்பூவுக்குள் அழுதிருக்கிறேன். மழையில் நனைந்திருக்கிறேன். இரண்டு நல்ல மனிதருக்கு வாயில் வைக்க முடியாததைக் கொடுத்திருக்கிறேன். இவ்வளவையும் செய்வித்தவள் என் முன்னால் காலை நீட்டிக்கொண்டு, கோப்பையின் அடியில் கிடந்த சீனியை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காரியம் ஆகவேண்டும் என்றால் நேராகக் கேட்கமாட்டாள், ஊரைச் சுற்றித்தான் வருவாள். என் பிள்ளைதான், சந்தேகமேயில்லை.